ஈ.ஆர்.பி.எம். மீட்டல்: வினா வங்கியா, வகுப்பா, கூடிப் படிப்பா?

வெளிநாட்டில் மருத்துவம் முடித்துவிட்டுக் கொழும்புக்கு வந்து இறங்கும் தம்பி தங்கச்சிமார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, எதை வைத்துப் படிக்கிறது?" பங்களாதேஷோ நேபாளமோ ரஷ்யாவோ சீனாவோ, எங்கே படித்திருந்தாலும் இலங்கை மருத்துவ சபை நடத்தும் ஈ.ஆர்.பி.எம். என்ற மருத்துவப் பதிவுப் பரீட்சையைத் தாண்டினால்தான் உள்ளகப் பயிற்சி, அதை முடித்த பிறகுதான் முழுப் பதிவு. (பழைய ஆட்கள் இன்னும் 'ஆக்ட் 16' என்றுதான் சொல்வார்கள். வெள்ளவத்தையில் யாராவது அங்கிள் அப்படிக் கேட்டால் குழம்ப வேண்டாம், அதே சங்கதிதான்.) சட்ட மருத்துவத்தையும் சமுதாய மருத்துவத்தையும் இங்கே நான் தொடப் போவதில்லை, அவற்றுக்குப் படிக்கும் விதமே வேறு. நோயைக் கண்டுபிடிப்பது, சிகிச்சை சொல்வது, இந்த இரண்டையும் மீட்டுவதற்குக் கையில் இருக்கும் வழிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு போகலாம். நம் நாட்டுச் சிகிச்சை வழிகாட்டிகளை அடிப்படையாக வையுங்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள், வெளிநாட்டு வினா வங்கியை (சந்தா கட்டி இணையத்தில் செய்யும் கேள்வித் தொகுப்பு), படித்தது ஏறியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் பாவியுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஏன் என்று விளங்க வேண்டுமானால் கேள்வி எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். நோயின் பெயரைச் சொல்லி அதன் அறிகுறிகளைக் கேட்பது பல்கலைக்கழகக் காலத்துப் பழக்கம். பதிவுப் பரீட்சையில் ஆள் வந்து உட்காருவார்: ஐம்பத்தைந்து வயது, ஒரு மணி நேரமாக நெஞ்சு நோ, உடம்பெல்லாம் வியர்வை, ஈ.சி.ஜி.யில் கீழ்ப்பக்க லீட்களில் எஸ்.டி. உயர்ந்திருக்கிறது, பிரஷர் 90/60, அடுத்ததாக என்ன செய்வீர்கள்? மாரடைப்பு என்று கண்டுபிடித்ததற்கு இங்கே புள்ளி குறைவு. வலது பக்க லீட் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஞாபகம் வர வேண்டும், வலது இதயவறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் ஆளைக் கவிழ்த்துவிடும் என்பது ஞாபகம் வர வேண்டும், அஸ்பிரின் 300 மில்லிகிராமும் குளோபிடோக்ரலும் கை தானாக எழுத வேண்டும், பிறகு இந்த ஆஸ்பத்திரியில் குழாயை விட்டு அடைப்பைத் திறக்கும் வசதி இருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் இடத்துக்கு அனுப்ப முடியுமா, முடியாவிட்டால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தா என்று யோசனை ஓட வேண்டும். முறைப்பாட்டில் தொடங்கிச் சிகிச்சை வரை ஒரே மூச்சில் போக எந்த வழி பழக்குகிறதோ அதுதான் நல்ல வழி. இந்த ஒரே அளவுகோலால்தான் எல்லாவற்றையும் அளக்கிறேன்.

தடித்த பாடநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன் என்பவர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முடிக்க மாட்டீர்கள். முடித்தாலும் சிறுநீரகத்துக்கு வரும்போது இதயம் மறந்திருக்கும். அகராதி பார்ப்பது போல, விளங்காத இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதற்குத்தான் அந்தப் புத்தகம். ஒரு எச்சரிக்கை மட்டும்: போட்டோ கொப்பிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய பதிப்பை நம்பிச் சிகிச்சையை மனப்பாடம் செய்ய வேண்டாம். நெஞ்சுக்குள் காற்று அழுத்தமாகச் சேர்ந்து ஆள் சாகக் கிடக்கிறார், ஊசி எங்கே குத்துவது? பழைய புத்தகம் இரண்டாவது விலா இடைவெளி, காறை எலும்பின் நடுக்கோடு என்று சொல்லும். 2018இல் வந்த ஏ.டி.எல்.எஸ். (படுகாயமடைந்தவருக்கான அவசர சிகிச்சைக் கைநூல்) பத்தாம் பதிப்பு பெரியவர்களுக்கு நான்காவது அல்லது ஐந்தாவது இடைவெளி, அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் என்று மாற்றிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கக் காத்திருக்கக் கூடாது என்பது மட்டும் எந்தப் பதிப்பிலும் மாறவில்லை.

சரி, வினா வங்கிக்கு வருவோம், எல்லாரும் காசு கொட்டுவது இங்கேதான்.

அமெரிக்கப் பரீட்சைக்காகச் செய்த வங்கிகளின் விளக்கங்கள் அருமை, அதை மறுக்க மாட்டேன். சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற நான்கும் ஏன் பிழை என்று எழுதியிருப்பார்கள், ஒரே மாதிரி வரும் இரண்டு நோய்களைப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. காய்ச்சலும் மூட்டு வலியுமாக வரும் இளம் பெண்ணுக்கு லூபஸா (உடல் தன்னையே தாக்கும் நோய்) வைரஸா என்று பிரிக்கிற மூளை அங்கே நன்றாகப் பழகும். நோயறிதலுக்கு அமெரிக்க வங்கி பத்துக்கு ஒன்பது. சிகிச்சை என்று வந்தால்தான் கதை மாறுகிறது.

அமெரிக்காவில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் இப்போது சந்தையிலேயே இல்லை, ஆகவே அந்த வங்கியில் அது ஒரு பழங்கதை. நம் பக்கத்தில் 15 இலட்சம் யூனிட்டை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது, ஏற்றும்போது பிரஷர் விழுந்தால் வேகத்தைக் குறைப்பதோ நிறுத்துவதோ, முன்பு ஒரு தடவை கொடுத்தவருக்கு அதையே திரும்பக் கொடுக்கக் கூடாது என்பது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் 130/80ஐத் தொட்டாலே அமெரிக்காவில் 2017இலிருந்து ஆள் நோயாளி, பிரித்தானியாவில் இன்னும் 140/90. எம்.எம்.ஆர். தடுப்பூசி அங்கே 12 மாதத்துக்கும் 15 மாதத்துக்கும் இடையில் முதல் தடவை, இங்கே 9 மாதத்தில் ஒன்று, 3 வயதில் மற்றது. ஒரு வயதுப் பிள்ளைக்கு எந்த ஊசி தவறியிருக்கிறது என்ற கேள்விக்கு அமெரிக்க வங்கியில் ஊறியவர் கண்ணை மூடிக்கொண்டு பிழையாக எழுதுவார். பாம்புக் கடி என்றால் அவர்களுக்குக் கிலுகிலுப்பைப் பாம்பு, அதற்குரிய தனி மருந்து. நமக்கு அது எதற்கு?

பிரித்தானிய வங்கிகள் நமக்குக் கிட்ட. ஆஸ்பத்திரி நடைமுறையும் மருந்துப் பெயர்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும், அட்ரினலின் என்றே இருக்கும், எபினெஃப்ரின் என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு இடத்தில் மட்டும் அமெரிக்கர்தான் கிட்ட: இரத்தச் சீனியை நம் வார்ட்களில் மில்லிகிராம் கணக்கில்தான் சொல்வார்கள், பிரித்தானிய வங்கி மில்லிமோல் கணக்கில் கேட்கும். 18ஆல் பெருக்கிப் பழகுங்கள், ஒரு கிழமையில் வந்துவிடும்.

இரண்டு வங்கியையும் ஒரே நேரத்தில் செய்யப் போகிறேன் என்று சொல்பவர்களுக்கு ஒரு உதாரணம். பரசிட்டமோல் கூடுதலாக விழுங்கி நான்கு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் எவ்வளவு இருந்தால் நஞ்சை முறிக்கும் மருந்து தொடங்குவது? பிரித்தானியாவில் 2012இலிருந்து லீட்டருக்கு 100 மில்லிகிராம் கோடு. அமெரிக்காவில் அதே நேரத்துக்கு 150. இரண்டையும் படித்துவிட்டு மண்டபத்தில் இருக்கும்போது எந்தக் கோடு எந்த நாட்டுடையது என்று மண்டை காயும். ஒன்றை எடுங்கள், அதோடு நில்லுங்கள். நான் பிரித்தானிய வங்கியின் பக்கம்.

காசைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சந்தா டொலரிலோ பவுணிலோதான் கட்ட வேண்டும், 2022இல் ரூபா விழுந்த விழுகைக்குப் பிறகு வேலை இல்லாமல் வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு அது சின்னத் தொகை இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு கணக்கை எடுப்போம் என்று தொடங்குவார்கள், பிறகு ஒருவர் செய்த கேள்வி மற்றவருக்குச் செய்ததாகக் காட்டும், சில நேரம் கணக்கே முடங்கிவிடும். எடுத்தால் தனியாக, பரீட்சைக்கு முன்னால் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் எடுங்கள். ஆறு மாதச் சந்தாவை இன்றைக்கே கட்டிவிட்டு முதல் மூன்று மாதம் அதைப் பாட நூலாக வாசிப்பதுதான் பெரிய வீண். செய்யும்போது பாடவாரியாகப் பிரிக்காமல் கலந்து செய்யுங்கள், நேரத்தை வைத்துச் செய்யுங்கள். இதயப் பிரிவில் இருக்கிறோம் என்று தெரிந்தால் நெஞ்சு நோவுக்கு விடை சொல்வதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது? பிழைத்த கேள்விக்கு விளக்கம் முழுவதையும் கொப்பியில் எழுத வேண்டாம், எந்த ஒரு தகவல் தெரியாததால் பிழைத்தது என்று ஒரு வரி போதும்.

இனி உள்நாட்டு வழிகாட்டிகள். சுகாதார அமைச்சும் தொற்றுநோயியல் பிரிவும் வைத்தியக் கல்லூரிகளும் வெளியிட்டவை, இணையத்தில் சும்மா கிடைக்கும், அதனால்தானோ என்னவோ யாரும் திறந்து பார்ப்பதில்லை. சும்மா கிடைப்பதற்கு நம் ஊரில் மதிப்பில்லை.

டெங்குவை எடுப்போம். 2017இல் இந்த நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் பதிவான நோய், கொழும்பில் வசிக்கும் எவருக்கும் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு அனுபவம் இருக்கும். அமெரிக்க வங்கியில் இது கரீபியன் தீவுக்குப் போய்வந்த உல்லாசப் பயணியின் காய்ச்சல், விடை 'ஆதரவுச் சிகிச்சை'. இங்கே அந்த விடையோடு எழும்பி வந்தால் வீட்டுக்குத்தான் போகலாம். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நான்காம் நாள், பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்குகிறது, பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதம்) ஏறத் தொடங்குகிறது, ஆள் நாளங்களிலிருந்து திரவம் வெளியே கசியும் கசிவுக் கட்டத்துக்குள் நுழைகிறார் என்று பிடிக்க வேண்டும். ஸ்கேனில் வலது பக்கத்து நெஞ்சறைத் திரவமோ பித்தப்பைச் சுவரின் வீக்கமோ அதை உறுதிப்படுத்தும். அதிலிருந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குத் திரவக் கணக்கு ஓடும்.

கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். இருபது கிலோ பிள்ளை: பராமரிப்புத் திரவம் முதல் பத்துக் கிலோவுக்கு 1000 மில்லிலீட்டர், அடுத்த பத்துக்கு 500, ஆக 1500. இதோடு ஐந்து வீதப் பற்றாக்குறை, கிலோவுக்கு 50 வீதம் 1000. மொத்தம் 2500 மில்லிலீட்டர், முழுக் கசிவுக் கட்டத்துக்கும் இதுதான் பங்கு. ஐம்பது கிலோ ஆளுக்கு 1000, 500, மிச்ச முப்பது கிலோவுக்கு இருபது வீதம் 600, ஆக 2100, அதோடு 2500, மொத்தம் 4600. இங்கேதான் பொறி: எழுபத்தைந்து கிலோ ஆள் வந்தாலும் கணக்கு 50 கிலோவுக்கு மேல் போகாது, அவருக்கும் அதே 4600தான். வாயால் குடிப்பதும் நாளத்தால் ஏறுவதும் இரண்டும் இந்தப் பங்குக்குள்தான் அடக்கம், அம்மா ஆசையாகக் கொண்டுவந்து பருக்கும் இளநீர் உட்பட. ஒரே வேகத்தில் ஏற்றிவிட்டுப் போகவும் முடியாது, சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லிலீட்டர் போகிறதா, நாடி அழுத்த வித்தியாசம் (பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி) 20க்கு இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். பி.சி.வி. குறைகிறது ஆனால் ஆள் மோசமாகிறார் என்றால் உள்ளே எங்கேயோ இரத்தம் போகிறது, அப்போது இரத்தம் ஏற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில்லை. இவ்வளவுக்கும் மேலே, சந்தேகம் வந்தவுடனே எச் 544 படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பதை உலகத்தில் எந்த வினா வங்கியும் உங்களுக்குச் சொல்லித் தராது.

பாம்புக் கடியும் அப்படித்தான். கண்ணாடி விரியன், யாழ்ப்பாணப் பக்கத்தில் புடையன் என்பார்கள், அது கடித்தால் இரத்தம் உறையாது என்பது எல்லாருக்கும் தெரியும். இலங்கையில் அதே பாம்பு கண்ணிமையையும் சோர வைக்கும் என்பது இந்தியப் புத்தகத்தை மட்டும் வாசித்தவருக்குப் பிடிபடாமல் போகலாம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சரித்துப் பார்க்கும் அந்தச் சோதனை ஒஸ்கி (செய்து காட்டும் செய்முறைப் பரீட்சை) மேசைக்கென்றே செய்தது போல. நம்மிடம் இருக்கும் இந்திய விஷ எதிர்ப்பு மருந்து நாகம், விரியன் வகைகள், கண்டங்கருவளை என்று நான்கு பாம்புக்குத்தான், இங்கே அதிகம் கடிக்கும் குணகட்டுவாவுக்கு (மூக்கு மேடான சிறு விரியன்) அது வேலை செய்யாது. 'கடித்தது பாம்பு, கொடு மருந்து' என்று எழுதினால் பிழை. அந்த மருந்துக்கு ஒவ்வாமை வருவதும் அதிகம், அதற்கு முன்கூட்டியே தோலுக்கடியில் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் கொடுப்பது பலன் தரும் என்றும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசீனும் அப்படித் தடுப்பதில்லை என்றும் காட்டியது 2011இல் வெளியான ஒரு ஆய்வு. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்து இந்த நாட்டிலேயே நடந்தது, அதுவும் வெளிநாட்டு வங்கியில் கண்ணில் படாது.

இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். மஞ்சள் அலரி விதை நஞ்சு வடக்குக்காரருக்கு நன்கு தெரிந்த துயரம், டிஜொக்சின் போலவே இதயத் துடிப்பைத் தடுக்கும், அட்ரோபினும் தற்காலிக பேஸ்மேக்கரும் டிஜொக்சின் எதிர்ப்பு மருந்தும் விடையில் வர வேண்டும். வயல் வேலை செய்பவருக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் நோ, சிறுநீர் குறைவு என்றால் எலிக்காய்ச்சல், பரிசோதனை முடிவு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் பென்சிலினோ செஃப்ட்ரையக்ஸோனோ தொடங்குவது. மலேரியா நம் நாட்டில் இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே தந்துவிட்டது, ஆகவே மலேரியாக் கேள்வி வந்தால் அது ஆபிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்தவரின் கதையாகத்தான் இருக்கும், பயணம் கேட்காதவர் அங்கேயே விழுந்தார்.

வழிகாட்டிகளுக்குக் குறை இல்லையா? இருக்கிறது. வாசிக்கச் சலிப்பு. எழுதிய விதம் நிருவாகக் கடிதம் போல இருக்கும், படம் குறைவு, ஒரே நோய்க்குப் பழையதும் புதியதும் இணையத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், எது கடைசியாக வந்தது என்று ஆண்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எல்லா நோய்க்கும் கிடையவும் கிடையாது. இல்லாத இடத்துக்கு பிரித்தானிய வழிகாட்டியை எடுங்கள், பெரும்பாலும் சரிவரும்.

வகுப்புகள். கொழும்பில் நேரிலும் சூமிலும் நடக்கின்றன, கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். நல்ல வகுப்பு என்ன தரும் என்றால் ஒழுங்கு தரும், இந்தக் கிழமை இது முடிய வேண்டும் என்று ஒருவர் பின்னால் நின்று தள்ளுவது சிலருக்குத் தேவைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பரீட்சையை அண்மையில் எழுதியவர்களோடு பழக்கம் கிடைக்கும். ஆனால் வகுப்பில் இரண்டு மணி நேரம் பேசுவது ஆசிரியர், நீங்கள் இல்லை. தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எல்லாம் விளங்கிய மாதிரி இருக்கும், அடுத்த நாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு என்ன செய்வாய் என்று எழுதச் சொன்னால் இரண்டாவது வரியில் பேனா நின்றுவிடும். வகுப்பில் கைமாறும் பழைய கேள்வித் தொகுப்பு இன்னொரு தலைவலி. ஞாபகத்திலிருந்து எழுதிய கேள்வி, யாரோ போட்ட விடை, அதை இன்னொருவர் கொப்பி பண்ணி, கடைசியில் மூன்று தொகுப்பில் ஒரே கேள்விக்கு மூன்று விடை. எந்தத் தலைப்புகள் அடிக்கடி வருகின்றன என்று அறிய அதைப் பாருங்கள், விடையை நீங்களே வழிகாட்டியில் தேடி எடுங்கள்.

கூடிப் படிப்பதை நான் ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், பரீட்சையில் செய்ய வேண்டியதை அதே உருவத்தில் செய்ய வைப்பது அது ஒன்றுதான். மூன்று பேருக்கு மேல் வேண்டாம், நாலாவது ஆள் வந்தால் தேநீர் வந்துவிடும், தேநீர் வந்தால் கதை வந்துவிடும். ஒருவர் நோயாளி, ஒருவர் வைத்தியர், ஒருவர் பரீட்சகர், போனில் எட்டு நிமிடம் வைத்துவிடுங்கள். நோயாளியாக இருப்பவர் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில்.

வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடி மூன்றாம் தளத்தில், கீழே காலி வீதியில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, இப்படி ஓடும்: "முப்பத்தாறு கிழமைக் கர்ப்பிணி, வார்டிலேயே வலிப்பு வந்துவிட்டது, நீங்கள்தான் நிற்கிறீர்கள்." வைத்தியர் தொடங்குவார்: உதவிக்குக் கூப்பிடுகிறேன், இடது பக்கம் சரித்துப் படுக்க வைக்கிறேன், மூச்சுப் பாதை, ஒக்சிசன், நாளம், மக்னீசியம் சல்பேட். "எவ்வளவு?" நாலு கிராம், மெதுவாக. "மெதுவாக என்றால்?" பத்துப் பதினைந்து நிமிடத்தில். "அப்புறம்?" மணிக்கு ஒரு கிராம், 24 மணி நேரம். "எதைப் பார்ப்பீர்கள்?" முழங்கால் தெறிவினை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர். "தெறிவினை இல்லை." நிறுத்துவேன். "நிறுத்திவிட்டு?" இங்கே ஒரு அமைதி வரும். கல்சியம் குளுக்கோனேட், பத்து வீதக் கரைசலில் பத்து மில்லிலீட்டர், என்று பரீட்சகர் சொல்லிவிட்டால் அந்த அமைதியில் கேட்டது பிறகு மறக்கவே மறக்காது. தனியாக வாசிக்கும்போது இந்த அமைதி வருவதே இல்லை, கண் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

கொழும்பில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கூட்டுப் படிப்பில் இன்னொரு வேலையும் இருக்கிறது. இங்கே வார்ட்டில் உங்களிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலானோர் சிங்களத்தில்தான் பேசுவார்கள். வலி கைக்கோ தாடைக்கோ போகிறதா, மாடி ஏறினால் கூடுகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று தட்டுத் தடுமாறாமல் கேட்கப் பழகுவதற்குக் குழுவில் சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவர்கள் கொழும்பிலேயே வளர்ந்த ஒருவரைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவருக்கு நீங்கள் வேறு எதையாவது சொல்லிக் கொடுக்கலாம்.

ஆள் கிடைக்காதவர்கள் இப்போது போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியை நோயாளியாக நடிக்கச் சொல்லிப் பழகுகிறார்கள். கேள்வி கேட்டுப் பழக நல்லதுதான், நடுச்சாமத்திலும் சலிக்காமல் பதில் சொல்லும். மருந்தின் அளவை மட்டும் அதனிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டாம், பிழையையும் அதே நிச்சயத்தோடு சொல்லும்.

வார்ட் அனுபவத்தை ஒரு தெரிவாகவே பலர் கணக்கெடுப்பதில்லை. அனுமதி எடுத்து ஒரு மருத்துவப் பிரிவில் கொஞ்சக் காலம் நிற்க வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், குறிப்பாக நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே பட்டம் எடுத்து வந்தவர்கள். சில நாடுகளில் மொழிப் பிரச்சினையால் வெளிநாட்டு மாணவர்கள் சுவரோரமாக நிற்க வேண்டியிருந்தது என்பது ஊரறிந்த கதை. மண்ணீரலைக் கையால் தேடுவது, கழுத்து நாளத்தின் உயரத்தைப் பார்ப்பது, மைட்ரல் முணுமுணுப்பை இடது பக்கம் சரித்துக் கேட்பது, இவற்றை எந்தக் காணொளியும் விரலுக்குச் சொல்லித் தராது. ஆனால் எழுத்துப் பகுதிக்கு வார்ட் மெதுவான வழி. ஒரு நாளில் மூன்று நாலு நோயாளிதான் பார்க்கலாம், பார்ப்பதும் அன்றைக்கு யார் வந்தார்களோ அவர்களைத்தான். மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்த நோயாளியை வழிகாட்டியோடு ஒப்பிட்டால் அந்த நாள் பெறுமதி, இல்லாவிட்டால் கால் நோதான் மிச்சம்.

யாருக்கு எது? முதல் தடவை எழுதுபவர், முழு நேரமும் கையில் இருக்கிறது என்றால் வழிகாட்டியும் குழுவும் நடுவில், கடைசி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பிரித்தானிய வங்கி. தனியாகப் புத்தகத்துக்கு முன் இருந்தால் நித்திரை வருகிறது என்று உங்களை உங்களுக்கே தெரியுமானால் வகுப்புக்கும் போங்கள், ஆனால் குழுவை விட வேண்டாம். கைக்குழந்தையோடு இருக்கும் தங்கச்சிமாருக்கும் வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்கும் வகுப்பு நேரம் ஒத்துவராது. அவர்கள் போனில் வினா வங்கியையே முதன்மையாக வைக்கலாம், பஸ்ஸிலும் பிள்ளை நித்திரையான பிறகும் பத்துப் பத்துக் கேள்வியாக ஓடும். ஆனால் ஒவ்வொரு சிகிச்சைக் கேள்விக்குப் பிறகும் 'இங்கே இதைத்தான் செய்வார்களா' என்று உள்நாட்டு வழிகாட்டியில் ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும், கிழமைக்கு ஒரு இரவாவது நண்பி ஒருத்தியோடு வாட்ஸ்அப் அழைப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

எழுத்தில் தேறிவிட்டு ஒஸ்கி மட்டும் மிஞ்சியிருப்பவர்கள் வினா வங்கிச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டாம். அந்தக் காசை வார்ட்டுக்குப் போய்வரும் பஸ்ஸுக்கு வையுங்கள், இரண்டு பேரைப் பிடியுங்கள், எட்டு நிமிடத்தை வைத்துவிட்டு இன்று இரவே டெங்குவில் தொடங்குங்கள், எழுபத்தைந்து கிலோ ஆளை வைத்து.